மந்திரவாதி சாவுக்கு அக்கா வந்தாள்

நான் ஒரு தடவை செத்திருக்கிறேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் செத்து, பன்னிரண்டரைக்கு எழுந்து உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால், எழுந்திருக்காமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (இதைச் சொல்லாமல் நான் எதையும் ஆரம்பித்ததில்லை. வினையே அங்கேதான்.) போத்தனூர் தாண்டி வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பன். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். என் பட்டறையில் ஊற்றிய பம்புகள் எந்தெந்த நாட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கின்றன என்று எனக்கே தெரியாது. படித்த பிள்ளைகள் மீட்டரை வைத்துக்கொண்டு இரும்பு பதமாகிவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, நான் உலையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனைத் தேடித்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள்.

என்னைத் தேடி இல்லை, என் பட்டறையைத் தேடி வந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

வந்தவள் டைரக்டர். அகிலா என்று பெயர். இருபத்தெட்டு வயது இருக்கும். ஒரு சேனலுக்காக டிவியிலேயே ஓடுகிற மாதிரி ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுக்கிறாளாம். கதை இதுதான். பம்புப் பட்டறையில் ஒரு கிழ மந்திரவாதி ஒளிந்து வாழ்கிறான். உலை நெருப்பில்தான் அவன் சக்தி இருக்கிறது. தனக்குப் பின் ஊரைக் காப்பாற்ற ஒரு சீடன் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவனைப் பிடிக்கிறான். அவனோ மந்திரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், விசா வந்துவிட்டது, நான் வெளிநாடு போகிறேன் என்கிறான். படம் முக்கால்வாசி அவன் "வேண்டாம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசியில் குரு செத்துப்போகிறார். சாவில் குருவின் அக்கம்பக்கத்து மனிதர்கள் அழுகிற அழுகையைப் பார்த்து, பையன் மனசு மாறி, போர்வையை எடுத்து மாட்டிக்கொண்டு பறக்கிறான்.

"எனக்குப் புரியலை அம்மணி. மந்திரம் சும்மா கொடுக்கறாங்க, ஏன் வேண்டாங்கறான்?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பொறுப்புன்னா பயமுங்க ஐயா. அதுதான் கதையே."

"எனக்குக் குடுத்திருந்தா மூணாங் கிளாசுலயே கத்துட்டுப் பறந்திருப்பேன்."

"அதனாலதான் உங்களைப் பத்திப் படம் எடுக்கலீங்க" என்றாள். (நல்ல பெண். ஆனால் வாய்.)

பட்டறை வேண்டுமானால் தருகிறேன், ஆனால் மந்திரவாதி நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் சென்னையிலிருந்து ஒரு பழைய நடிகரை ஏற்பாடு செய்திருந்தாள். உலைச் சூட்டில் அந்தக் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் கால் மணி நேரம் நிற்பாரா என்று கேட்டேன். நான் ஐம்பது வருஷம் நின்றவன். அவள் யோசித்தாள், ஒப்புக்கொண்டாள். தாடியை என் கன்னத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். அந்த அரிப்பை எந்த மந்திரவாதியாலும் தாங்க முடியாது.

அடுத்து, மந்திரவாதியின் பெயர். அவள் ஏதோ சித்தர் பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரில் நடித்தால் நான்தான் என்று எவனுக்குத் தெரியும்? சென்னியப்பன் என்றே மாற்றச் சொன்னேன். மாற்றினாள். என் மனைவி ராசாமணியை மந்திரவாதியின் சம்சாரமாக நடிக்கக் கூப்பிட்டேன். சாவுக் காட்சியில் பொட்டை அழிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும், "ஏனுங்க, உங்களுக்கு மூளை கீளை கெட்டுப்போச்சுங்களா? உசுரோட இருக்கறப்பவே இந்தக் கூத்தெல்லாம் பண்ணிப்போட்டு..." என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாவுக் காட்சிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டியிருந்தது. பையன் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் சுவரில் அதைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறான். மாதிரி ஒன்று கொண்டுவந்து காட்டினார்கள். சின்னதாக, மங்கலாக, ஏழைச் சாவு மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நம்ம சொந்தபந்தத்தில் யார் போனாலும் போஸ்டர் அடிக்கிற பிரஸ் ஒன்று இருக்கிறது, நானே அடித்துத் தருகிறேன் என்றேன். என் அறுபதாம் கல்யாணப் போட்டோ, என் பெயர், தொழிலதிபர் என்ற பட்டம், பட்டறை விலாசம், ஊர்வலம் புறப்படும் நேரம் எல்லாம் சொன்னேன். படப்பிடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஆபீஸில் டைப் அடிக்கும் அம்மணி என் போனிலிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டது.

"ஐயா, நிஜப் பேரு, நிஜ விலாசம்... வேண்டாங்க ஐயா" என்றாள் அகிலா.

"எமனே வந்தாலும் என்ற பட்டறை கேட்ல உக்காந்து பாஸ் வாங்கிட்டுத்தான் உள்ள வரோணும். நீ பயப்படாதே கண்ணு."

அந்தப் பிரஸ்காரர்கள் வேலை செய்கிற விதம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். சாவு போஸ்டர் என்றால் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். துக்க வீட்டுக்குப் போன் அடித்து "எழுத்து சரியாங்க, எத்தனை அடிக்கட்டுங்க" என்று தொந்தரவு செய்ய மாட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் அடித்து, பசை வாளியோடு ஆள் கிளம்பிவிடும். சொந்தக்காரர்கள் இருக்கிற வெளியூர்களுக்கு ஒவ்வொரு கட்டு பஸ்ஸில் போய்விடும். யாருக்கு எந்த ஊரில் உறவு என்பது அவர்களுக்கு மனப்பாடம். இதை நானே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். படத்துக்கு என்று ஒரு வார்த்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. சென்னியப்பன் நடிக்கிற விஷயம் கோயமுத்தூரில் தெரியாதவன் இருப்பானா என்று நினைத்துவிட்டேன்.

ஒருவனுக்கும் தெரியவில்லை.

(பின்னால் பிரஸ்காரரிடம் சண்டைக்குப் போனபோது, "உங்க போன்ல இருந்தே வந்துதுங்க. மகன்தான் அப்பா போனை எடுத்து அனுப்பறாருன்னு நெனச்சு, நாங்க ஒண்ணும் கேக்காம அடிச்சுட்டோமுங்க" என்றார். போஸ்டர் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.)

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பாவாயி அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கு விவரம் தெரிவதற்குள் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவள் நூல் மில்லுக்கு ஷிப்டு போய் என்னை வளர்த்தாள். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்றதும் என்னைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். நான் மூன்று முறை ஓடிவந்தேன். மூன்று முறையும் காதைப் பிடித்துத் திரும்ப விட்டுவந்தாள். எனக்கு ஒரு வழி ஆகட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு அந்தியூரில் வாழ்க்கைப்பட்டாள். என் கல்யாணத்தில் கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீரைச் செய்தபோது என் பக்கத்தில் நின்று அவள் அழுத அழுகையில் புடவைத் தலைப்பு நனைந்துவிட்டது.

நான் புது வீடு கட்டிக் குடிபோன அன்றைக்கு மைக் பிடித்துப் பேசினேன். "எனக்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. எவரும் எனக்குக் கை கொடுக்கலை. நானே விழுந்து, நானே எந்திரிச்சு, நானே மேலே வந்தவன்" என்றேன். கைத்தட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கைத்தட்டல் அடங்கும்போது அந்த நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிடாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் பேச்சில்லை. என் அறுபதாம் கல்யாணத்துக்கும் வரவில்லை. போய்க் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். நான் பத்திரிகையை டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

சரி, சாவுக்கு வருவோம்.

பட்டறை வாசலில் பந்தல். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து தப்பட்டைக்காரர்கள். ஐஸ் பெட்டிக்குள் என்னைப் படுக்க வைத்தார்கள். நான் மூச்சு விட்டால் கண்ணாடி பனித்துப்போகிறது என்று மூடியைக் கழற்றிவிட்டார்கள். தாடி, கறுப்புப் போர்வை, கழுத்து வரை மாலை, நெற்றியில் ஒரு ரூபாய். போன் அடித்தால் காட்சி கெடும் என்று காலையில் தாடி ஒட்டும்போதே வாங்கி அணைத்து வைத்துவிட்டார்கள். "கட் சொல்ற வரைக்கும் கண்ணைத் தொறக்காதீங்க, நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது" என்றாள் அகிலா. "சாகறது ஒரு வேலையா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

கூட்டத்துக்கு ஆள் கொண்டுவருகிறேன் என்றும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பட்டறை ஆட்கள் இருபது பேரை வெள்ளை வேட்டியில் நிறுத்தியிருந்தேன். ஆனால் நான் கண்ணை மூடியதிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாலையோடு வந்தார்கள். அகிலாவுக்கு ஒரே சந்தோஷம். "ஐயா, இவ்வளவு ஆள் கூட்டிட்டு வருவீங்கன்னு நான் நெனைக்கலீங்க" என்று என் காதில் கிசுகிசுத்தாள். பெரிய மனிதர் சாவை இப்போதெல்லாம் கேமரா வைத்துப் படம் பிடிக்கிறார்கள் அல்லவா, வந்தவர்களுக்கு அதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தாடிதான் கொஞ்சம் குழப்பியது.

"கடைசீல சாமியாராப் போயிட்டாருங்களா?" என்றது ஒரு குரல்.

"பாவஞ் சேந்துபோச்சுன்னு பயந்திருப்பாருங்க" என்றது இன்னொரு குரல்.

எங்கள் ஆட்களை அகிலா நன்றாகப் பழக்கிவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வசனம் எழுதியவனை மட்டும் அப்புறம் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்போது தப்பட்டைச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் வாசலிலிருந்தே கிளம்பி வந்தது.

"என்னப் பெத்த ராசா... என்னய உட்டுப்போட்டுப் போயிட்டியா சாமீ..."

அந்தக் குரலை எனக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அந்தியூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவள் மகன் குமரேசன் போஸ்டரைப் பார்த்திருக்கிறான். என் நம்பருக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறது. போட்டது போட்டபடி, பிணத்துக்குப் போர்த்தக் கோடி வேட்டி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் தெரிந்தது, பெட்டியின் விளிம்பில் அவள் தலை வந்து மோதிய சத்தம் மட்டும்தான்.

"கையப் புடிச்சுட்டுப் பட்டறைக்கு வந்தவனே... உன்ற மேல எனக்குக் கோவமே இல்ல கண்ணு... நீ வந்து ஒரு வார்த்தை அக்கான்னு கூப்புட்டிருந்தா ஓடி வந்திருப்பனே... பதினோரு வருசம் ஒவ்வொரு பண்டிகைக்கும் வாசலைப் பாத்துட்டே இருந்தனே பாவி... நாம் போறதுக்கு முந்தி நீ போயிட்டியே..."

தப்பட்டைக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அகிலா "கட்" சொல்லவில்லை. நான் அனுப்பிய நடிகை என்று நினைத்துவிட்டாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கவில்லை. எழுந்திருக்கலாம். காட்சி கெட்டுவிடுமே என்று ஒரு நினைப்பு. அதைவிடப் பெரிய நினைப்பு ஒன்று இருந்தது. அவள் இன்னும் என்ன சொல்வாள் என்று கேட்க ஆசையாக இருந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு எவரும் இதையெல்லாம் சொல்வதில்லை. என்னைப் பற்றி நானே எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். இன்னொருவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டிய அக்காவை அழவிட்டு, கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

"சவரம் பண்ணி உடக்கூட ஆளில்லாமத் தாடி வளத்துப்போட்டுக் கெடக்கறயே..." என்று சொல்லிக்கொண்டே அவள் என் கன்னத்தைத் தடவினாள். பசைத் தாடி ஒரு பக்கம் கழன்று அவள் கையோடு வந்துவிட்டது.

அழுகை நின்றது.

மூடிய கண்ணிலிருந்து எனக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் பார்த்திருக்கிறாள்.

"தம்பீ?"

கண்ணைத் திறந்தேன். பதினோரு வருஷம் கழித்து அக்காவிடம் முதல் வார்த்தை பேச எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது. நான் சொன்னது இதுதான்:

"அக்கா, ஷாட் போயிட்டிருக்குது."

கூட்டத்தில் இரண்டு பேர் அலறிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. கேமராவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், கையிலிருந்த தாடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எப்பிருந்துடா கேட்டுட்டுக் கெடந்தே?"

"மொதல்ல இருந்தே அக்கா..."

அவள் என்னை அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கொண்டுவந்த கோடி வேட்டியைப் பிரித்து, உட்கார்ந்திருந்த என் மேலேயே போர்த்தினாள். "என்ற தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுபோட்டேன்" என்றாள். நேராகப் பட்டறைக் குழாயடிக்குப் போனாள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் செய்கிற மாதிரி, கட்டிய புடவையோடு தலைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சொட்டச் சொட்ட வண்டியில் ஏறினாள். குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க மாமா..." என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் வண்டியை எடுத்தான்.

கிளிசரின் போட்டும் அழ வராத ஹீரோப் பையன் ஒரு ஓரத்தில் போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தான். அகிலா ஓடிவந்து, "ஐயா, படமே இந்த சீன்லதான் நிக்குதுங்க. அந்தம்மா ஆருங்க ஐயா?" என்றாள்.

"என்ற அக்கா."

அவள் திரும்பிப் போய் விளக்குகளை அணைக்கச் சொன்னாள்.

மூன்றாம் நாள் அந்தியூர் போனேன். நானே வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "ஆருங்க?" என்றாள்.

"நாந்தான் அக்கா, சென்னியப்பன்."

"அவன் செத்துப்போயிட்டானுங்க. நாந்தான் கோடி போட்டுட்டு வந்தேன். நீங்க ஊடு மாறி வந்துட்டீங்க."

வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மோர் கொடுத்தார்கள். கிளம்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "அந்த அழுகைய டிவியில போடுவாங்களா?"

திரும்பி வந்து அகிலாவிடம் அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது.

"ஐயா, அதில்லைன்னா அந்தப் பையன் எதுக்கு மனசு மாறுறான்னே தெரியாதுங்க. உங்க நடிப்பும் போயிருமுங்க. நீங்க அதுலதான் நல்லாப் பண்ணியிருக்கீங்க."

"எடுத்துப்போடு கண்ணு."

"வேற யாரையாச்சும் அழ வெச்சு..."

"ஆரும் அழ வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் போட்டார்கள். முக்கால் படம் வேண்டாம் வேண்டாம் என்ற பையன், ஒரு போஸ்டரைப் பார்க்கிறான், அடுத்த நிமிஷம் போர்வையோடு மேட்டுப்பாளையம் மலைக்கு மேலே பறக்கிறான். ஏன் பறக்கிறான் என்று ஒருவருக்கும் புரியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பியிருந்த ராசாமணி, "ஏனுங்க, இவன் எதுக்குத் திடீர்னு ஒத்துக்கிட்டான்? விசா கேன்சல் ஆயிப்போச்சுங்களா?" என்றாள். ஊரெல்லாம் இதையே கேட்டார்கள். அந்தச் சேனல் அந்தப் படத்தை மறுபடி போடவே இல்லை. அகிலாவுக்கு அடுத்த படம் கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அவளிடம் இன்னும் என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அந்தியூரில் அக்கா டிவி முன்னால் முதலிலிருந்து கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து பார்த்தாளாம். தன் முகம் வரும் வரும் என்று பார்த்திருக்கிறாள். வரவில்லை. எழுந்து டிவியை அணைத்தாளாம். குமரேசன் சொன்னான்.

நான் செத்து ஒரு வருஷம் ஆன நாளில் அந்தியூர் பஸ் கண்டக்டர் பட்டறைக்குப் போன் செய்து, ஒரு தூக்குப் போசி வந்திருக்கிறது என்றார். திறந்தால் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். தனியாகத் தேங்காய்ப்பால். அக்கா எனக்குத் திவசம் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பிடித்ததைச் செய்து, போட்டோ முன்னால் வைத்துக் கும்பிட்டு, "வீணாக்க வேண்டாம், ஆராச்சும் திங்கறவங்களுக்குக் குடுத்துட்டு வா" என்று மகனிடம் தந்தாளாம். யாருக்கு என்று சொல்லவில்லையாம். எந்த பஸ் என்று மட்டும் சொன்னாளாம்.

அதிலிருந்து வருஷா வருஷம் வருகிறது. சொந்தக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்தால் போதும், "ஏனுங்க, இந்த வருசம் உங்க திவசத்துக்கு என்ன பலகாரமுங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் பேத்தி, என் பிறந்த நாளை மறந்தாலும் இறந்த நாளை மறப்பதில்லை. நானும் சிரிக்கிறேன். சந்தகை பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் ஆறிப்போய்விடும். ராசாமணி சுடவைத்துத் தருகிறேன் என்பாள், நான் விடுவதில்லை.

முதல் வருஷம் வெறும் போசியைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று உள்ளே இரண்டு தேங்காய் வைத்து பஸ்ஸில் ஏற்றினேன். மறுநாள் தேங்காய் மட்டும் திரும்பி வந்தது. "செத்தவங்க கிட்ட இருந்து எதும் வாங்கறதில்லையாமுங்க மாமா" என்றான் குமரேசன். அதனால் இப்போது கழுவித் துடைத்து, வெறுமனே அனுப்பிவிடுகிறோம். உப்புச் சரியாக இருந்தது, பால் கொஞ்சம் கெட்டியாக இருந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் போனை எடுத்து யார் பேசுகிறேன் என்று சொல்வது?